கறுப்புப் புகை கக்கும் கெப் வண்டி: எதையும் அடைக்கும் முன், கழற்றும் முன்

வட்டவளையில் ஒரு டீசல் கெப் வண்டி செய்யாத வேலை இல்லை. விடியற்காலையில் மரக்கறி ஏற்றும். பகலில் சீமெந்தும் தகரமும் ஏற்றும். நள்ளிரவில் பிரசவ வலி வந்தவரை மேல்கணக்கு லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். அந்த வண்டி வருடத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனையில் சித்தியடைய வேண்டும். சித்தியடையாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. ஒரு வாரம் வண்டி நின்றால் ஒரு வார வருமானம் இல்லை. லீசிங் தவணை மட்டும் நிற்காது.

இந்த நெருக்கடியில்தான் குறுக்குவழிகள் வருகின்றன. இந்த விடயத்தை வட்டவளையிலும் ஹட்டனிலும் நான் விசாரித்துத் திரிந்தபோது மூன்று ஆலோசனைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. ஈ.ஜி.ஆரை அடைத்துவிடுங்கள் என்பது ஒன்று. சைலன்சருக்கு முன்னால் இருக்கும் பில்டரைக் கழற்றிவிடுங்கள் என்பது இரண்டாவது. பரிசோதனைக்கு முதல் நாள் டீசல் பம்பைக் குறைத்து, பாஸ் ஆனதும் மறுபடி கூட்டிக்கொள்ளுங்கள் என்பது மூன்றாவது. மூன்றுமே புகைக்கான காரணத்தைத் தொடுவதில்லை. புகை என்பது நோயின் அறிகுறி. அறிகுறியை மறைத்தால் செலவு பின்னால் பெரிதாக வரும். அதுவரை அந்தப் புகையை வீதியோர லயத்தில் இருப்பவர்கள் சுவாசிப்பார்கள். ஆகவே புகை ஏன் வருகிறது, எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்பதை இங்கே ஒழுங்காகத் தொகுத்துத் தருகிறேன்.

மலையில் ஏன் அதிகம் புகைகிறது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. வளியை அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சுகிறார்கள். பீச்சும் டீசலுக்குப் போதிய வளி இருந்தால் அது முழுமையாக எரியும். வளி குறைந்தால் எரியாத காபன் துகள்கள் கறுப்புப் புகையாக வெளியேறும்.

வட்டவளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் வளியமுக்கம் கொழும்பைவிட ஏறத்தாழ 11 சதவீதம் குறைவு. ஹட்டனில் சுமார் 14 சதவீதமும் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 20 சதவீதமும் குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சின், கொழும்பில் எடுக்கும் அளவு டீசலையே இங்கும் எடுக்கும். அதற்கேற்ற வளி மட்டும் கிடைக்காது. சில பழைய பம்புகளில் உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் பாகம் இருக்கும். அது பழுதாகியிருந்தால் அல்லது எப்போதோ கழற்றப்பட்டிருந்தால், கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் புகைக்கத் தொடங்கும். டர்போ உள்ள வண்டி இந்தக் குறையைப் பெருமளவுக்கு ஈடுசெய்யும். ஆனால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இறப்பர்க் குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் அந்த நன்மை இல்லாமல் போய்விடும்.

உயரம் ஒரு பக்கம் இருக்க, இங்கே மழையும் இருக்கிறது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்யும் இடம் வட்டவளை. ஈரம் ஊறிய எயார் பில்டர் வளியைத் தடுக்கும். டீசல் தாங்கியில் ஈரம் படிந்து நீராகச் சேரும். அதோடு, தோட்டத்து வண்டிகளின் பயணம் குறுகியது. கணக்கிலிருந்து பிரட்டுக்களம், அங்கிருந்து கடை, கடையிலிருந்து மறுபடி கணக்கு. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடும். புதிய டீசல் வண்டிகளின் புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு இதைவிடக் கெடுதலான ஓட்டம் இல்லை.

புகையின் நிறம் சொல்வது

கராஜுக்குப் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடிய முதல் சோதனை இது.

கறுப்பு: வளி குறைவு அல்லது டீசல் அதிகம். அடைபட்ட எயார் பில்டர், வெடித்த டர்போ குழாய், திறந்தபடி இறுகிப்போன ஈ.ஜி.ஆர். வால்வு, சரியாகத் தூவாத இன்ஜெக்டர், அளவுக்கு மேல் கூட்டப்பட்ட பம்ப் ஆகியவை வழக்கமான காரணங்கள்.

நீலம்: எஞ்சின் ஒயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்வு, வால்வ் சீல், டர்போ சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வெள்ளை: குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் வந்து மறைந்தால் பயப்பட வேண்டியதில்லை. பனிமூட்டத்தில் நீராவியும் புகை போலவே தெரியும். அது நீண்டு, எரியாத டீசல் மணத்தோடு வந்தால் ஹீட்டர் பிளக், டைமிங், இன்ஜெக்டர் ஆகியவற்றைச் சோதியுங்கள். எஞ்சின் சூடான பின்னரும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் நீரும் குறைந்துகொண்டு போனால் வண்டியை ஓட்டாதீர்கள். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், அல்லது ஈ.ஜி.ஆர். கூலர் உள்ளே ஒழுகலாம்.

பரிசோதனையில் என்ன அளக்கிறார்கள்?

இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை 2008 இல் மேல் மாகாணத்தில் ஆரம்பமாகி, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கு விரிவாக்கப்பட்டது. டீசல் வாகனத்தில் புகையின் அடர்த்தியையே அளக்கிறார்கள். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, எக்ஸிலரேட்டரை வேகமாக முழுதும் மிதித்து விடுவார்கள். புகைக்குழாயில் செருகிய கருவி, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்க்கும். இதைப் பல தடவை செய்து சராசரி எடுப்பார்கள்.

இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எஞ்சின் அதன் உச்ச வேகத்துக்குப் போகிறது. ஹைலக்ஸில் வந்த 2எல், 3எல், 5எல் எஞ்சின்களிலும் அவற்றுக்குப் பின்வந்த 1கேடி, 2கேடி எஞ்சின்களிலும் டைமிங் பெல்ட் இருக்கிறது. மாற்ற வேண்டிய காலம் கடந்த பெல்ட்டோடு பரிசோதனைக்குப் போவது ஆபத்து. பெல்ட் அறுந்தால் எஞ்சினின் தலைப்பகுதியே சேதமாகும். ஒயில் அளவையும் பெல்ட் மாற்றிய திகதியையும் பார்த்த பின்னரே வண்டியைக் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, இந்தப் பரிசோதனை டீசல் வாகனத்தின் நைதரசன் ஒட்சைட்டுகளை அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் கறுப்பு மட்டுமே கணக்கில் வருகிறது. அடைத்தல், கழற்றுதல் போன்ற குறுக்குவழிகள் வெற்றி போலத் தெரிவதற்கு இதுவே காரணம். அதைக் கீழே விளக்குகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

புகை அதிகம் என்று பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்ட வண்டிக்கு, செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போவதே சரியான ஒழுங்கு. பல கராஜ்களில் இது தலைகீழாக நடக்கிறது. நேரே இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் போய்விடுகிறார்கள்.

1. எயார் பில்டர். கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் மாற்றுங்கள். மழைக்காலத்தில் பில்டர் பெட்டியின் அடியில் நீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள்.

2. டீசல் பில்டர். பெரும்பாலான பில்டர்களின் அடியில் நீரை வடிக்கும் ஆணி ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் கோப்பையில் சிறிது பிடியுங்கள். நீர் அடியில் தங்கும், டீசல் மேலே மிதக்கும். டாஷ்போர்டில் இதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தாமதிக்க வேண்டாம்.

3. டர்போ குழாய்களும் கிளிப்புகளும். ஏற்றத்தில் சீறும் சத்தம், கிளிப்பைச் சுற்றி ஒயில் கசிவு, இழுவை குறைவு ஆகியவை அடையாளங்கள். எஞ்சின் நின்று ஆறிய பின் குழாயைக் கையால் வளைத்துப் பார்த்தால் மறைந்திருக்கும் வெடிப்புத் தெரியும்.

4. வளியின் அளவை உணரும் சென்சர். கணினி உள்ள வண்டிகளில் இது அழுக்கானால் டீசல் அளவு பிழைக்கும். இதற்கென்று விற்கப்படும் கிளீனரால் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும்; துணியால் துடைக்கக் கூடாது.

5. ஈ.ஜி.ஆர். வால்வு. கழற்றிச் சுத்தம் செய்து, புதிய கேஸ்கட் போட்டுப் பூட்டுதல். இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

6. இன்ஜெக்டர். பழைய வகை நொசில்களைப் பம்ப் கராஜில் அமுக்கம் கொடுத்துத் தூவலைப் பார்க்கலாம். கொமன் ரெயில் இன்ஜெக்டர்களை இயந்திரத்தில் வைத்துச் சோதித்து அறிக்கை அச்சிட்டுத் தருவார்கள். அறிக்கை கேட்டு வாங்குங்கள். நான்கில் ஒன்று கெட்டிருக்க நான்கையும் மாற்றச் சொன்னால் காரணம் கேட்கலாம்.

7. எஞ்சினின் அமுக்கம். இது குறைந்திருந்தால் மேலே சொன்ன எதைச் செய்தும் பயனில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். புகை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் எரிவாயு கீழே இறங்குகிறது என்று பொருள். ஹைலக்ஸ், பிராடோ ஆகியவற்றில் வந்த 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்தாலும் இது நடக்கும். அந்தக் கசிவைக் கவனிக்காமல் விட்டால் ஒயில் கரித்தாராகி, கீழேயுள்ள ஒயில் வலையை அடைத்து, முழு எஞ்சினும் பிடித்துவிடும். செப்பு வளையத்தை நேரத்துக்கு மாற்றினால் முடிந்துபோகும் வேலை அது.

முதல் மூன்றையும் ஓட்டுநரே செய்யலாம். பரிசோதனை நாளன்று எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். வீட்டிலிருந்து நேரே போய் வரிசையில் அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்த குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகப் புகைக்கும்.

பம்பைக் குறைத்துப் பாஸ் ஆகும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பம்பில் அதிகபட்ச டீசல் அளவைத் தீர்மானிக்கும் ஸ்குரூ தொழிற்சாலையில் முத்திரையிட்டு வருவது. அதைக் கூட்டினால் ஏற்றத்தில் இழுவை கூடும் என்பது உண்மை. கூடவே வெளியேறும் வாயுவின் சூடும் கூடும். பாரத்தோடு நீண்ட ஏற்றம் ஏறும் எஞ்சினில் அந்தச் சூடு பிஸ்டனையும் ஹெட்டையும் தின்னும். வருடம் ஒருநாள் குறைத்து 364 நாள் கூட்டி ஓட்டுவதால் மிச்சப்படுத்தும் பணம் கடைசியில் எஞ்சின் கராஜுக்குப் போகிறது.

மண்ணெண்ணெயும் டீசலும்

இருப்பதை மாற்றியமைத்து ஓடவைப்பது எமக்குப் புதிதல்ல. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் அப்படித்தான் நோயாளிகளையும் பிணங்களையும் சுமந்தன. அந்தத் திறமையால் உயிர்கள் பிழைத்தன.

ஆனால் அந்த அனுபவத்தை இன்றைய டீசல் வண்டிக்குக் கொண்டுவர முடியாது. காபரேட்டருக்கு எண்ணெய்த்தன்மை தேவையில்லை. டீசல் பம்பும் கொமன் ரெயில் இன்ஜெக்டரும் அப்படியல்ல. அவற்றின் உள்ளே உராயும் பாகங்களுக்கு டீசலே மசகெண்ணெய். மண்ணெண்ணெய் கலந்தால் அந்த மசகு குறைந்து உலோகம் தேயும். தேய்ந்த உலோகத்தூள் இன்ஜெக்டரை அடையும். 2022 ஆகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. அதே நேரம் டீசல் 400 ரூபாவுக்கு மேல். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாக இருந்தாலும், அந்த விலை வித்தியாசம் கலப்படத்துக்கு எவ்வளவு பெரிய தூண்டுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் கிடைத்த கேன்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேமித்து ஓட்டிய வண்டிகள் பல. அப்படிப்பட்ட வண்டியின் டீசல் தாங்கியை ஒருமுறையாவது இறக்கிக் கழுவுவது நல்லது.

ஈ.ஜி.ஆர்: அடைப்பதா, சுத்தம் செய்வதா?

எரிந்து வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் வால்வுதான் ஈ.ஜி.ஆர். கழிவு வாயுவை ஏன் திரும்ப உள்ளே விட வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி. எரியும்போது சூடு மிகவும் கூடினால் வளியிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகளாகும். ஒட்சிசன் குறைந்த அந்தக் கழிவு வாயு உள்ளே போனால் உச்ச வெப்பநிலை இறங்கும். நைதரசன் ஒட்சைட்டுகள் குறையும்.

இதற்கு ஒரு விலை உண்டு. புகைக்கரியும் எஞ்சினிலிருந்து வரும் ஒயில் ஆவியும் கலந்து, வளி உள்ளே போகும் வழியில் தார் போலப் படியும். ஒருநாள் வால்வு திறந்தபடியே இறுகிவிடும். அப்போது முழுப் பாரத்தில் ஏறும்போதும் கழிவு வாயு உள்ளே போகும். வளி போதாமல் வண்டி கறுப்பாகப் புகைக்கும். அந்த நேரம் ஒரு தகரத் துண்டை வைத்து வழியை அடைத்தால் புகை உடனே குறையும். புகைப் பரிசோதனையிலும் சித்தியடையலாம். பாஸ்மார் அடைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். அவர்கள் பார்த்தது உண்மைதான். அந்தப் பரிசோதனை அளக்காத நைதரசன் ஒட்சைட்டுகள் பின்னால் கூடுவது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. மூச்சுக்குழாயை அரிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அதுவே இருமலாகவும் இழுப்பாகவும் வரும்.

கணினி உள்ள வண்டியில் அடைப்பு வேறு சிக்கல்களையும் கொண்டுவரும். வால்வு திறக்கச் சொன்னபோது வளியின் அளவு மாறவில்லை என்பதைக் கணினி கண்டுபிடிக்கும். எஞ்சின் விளக்கு எரியும். சில வண்டிகள் சக்தியைத் தாமே குறைத்துக்கொள்ளும். பிறகு அந்த விளக்கை அணைக்க மென்பொருளை மாற்றுகிறார்கள். பொறுப்பில்லாமல் செய்த மாற்றத்தில் நாளை வரப்போகும் உண்மையான பழுதுக்கான எச்சரிக்கையும் சேர்ந்து அணைந்துபோகும்.

செய்ய வேண்டியது: வால்வையும் உள்வழியையும் கழற்றி, காபன் கிளீனரால் கரியை அகற்றி, வால்வு தடையின்றி அசைகிறதா என்று பார்த்து, புதிய கேஸ்கட்டோடு பூட்டுவது. வெக்கியூம் குழாய்கள் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுவது. இது ஒரு நாள் வேலை. குறுகிய ஓட்ட வண்டிக்கு இதை வழக்கமான சேர்விஸில் ஒன்றாக வைத்துக்கொண்டால் வால்வு இறுகும் நிலைக்கே போகாது.

டி.பி.எஃப்: பில்டருக்குத் தேவையான சூடு

இங்கே ஓடும் பழைய கெப் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டீசல் துகள் வடிகட்டி, அதாவது டி.பி.எஃப். கிடையாது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். ஐரோப்பாவில் 2009 இல் நடைமுறைக்கு வந்த யூரோ 5 தரத்துக்குப் பின்னரே அது டீசல் வண்டிகளில் ஏறக்குறைய கட்டாயமானது.

அது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. ஒரு துளையின் முன்பக்கமும் அடுத்த துளையின் பின்பக்கமும் அடைக்கப்பட்டிருக்கும். வாயு நுண்ணிய சுவரினூடாகக் கடந்துபோக, கரி உள்ளே தங்கும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்து வெறுமையாக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். வண்டியின் கணினி கூடுதல் டீசலைப் பீச்சி அந்தச் சூட்டை உண்டாக்கும். அது முடிய, நிற்காத ஓட்டம் சுமார் 15 முதல் 20 நிமிடங்கள் தேவை. கடைக்கும் கணக்குக்கும் இடையில் ஓடும் வண்டிக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. பாதியில் எஞ்சினை நிறுத்தினால் எரிதல் பாதியில் நிற்கும். பீச்சிய டீசல் ஒயிலோடு கலக்கும். ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போனால் இதுதான் காரணம். அந்த ஒயிலை உடனே மாற்ற வேண்டும்.

இந்தப் பாகத்தில் வரும் எல்லாப் பழுதுகளுக்கும் ஓட்டுநர் காரணமல்ல. 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அவுஸ்திரேலியாவில் விற்கப்பட்ட ஹைலக்ஸ், ஃபோர்சியூனர், பிராடோ டீசல் வண்டிகளில் 264,170 வண்டிகளின் டி.பி.எஃப். அமைப்புக் குறைபாடுள்ளது என்று அந்நாட்டின் சமஷ்டி நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. வண்டிகள் கரியைச் சரியாக எரிக்காமல் வெள்ளைப் புகை கக்கின. நட்டஈட்டின் அளவு பற்றிய மேன்முறையீடுகள் அதன்பின் தொடர்ந்தன. அங்கே டொயோட்டா, ஓட்டுநரே எரிதலைத் தொடங்கிவைக்கும் ஒரு பட்டனையும் பொருத்தியது. 1ஜிடி, 2ஜிடி எஞ்சின் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் தமது வண்டியில் அந்தப் பட்டன் இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ளது.

டி.பி.எஃப். விளக்கு எரிந்தால்: அவிசாவளைப் பக்கம் போகும் நீண்ட பயணம் ஒன்றை ஒத்திப்போடாமல் செய்யுங்கள். தொடர்ச்சியாக ஓடக்கூடிய பகுதியில் கீழ்க் கியரில் எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டி ஓட்டுங்கள். பாரத்தோடு ஏறும் ஏற்றம் சூட்டுக்கு உதவும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கில் வரும்போது சூடு குறையும். எரிதல் நடந்த வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். விளக்கு மினுங்கத் தொடங்கினாலோ சக்தி குறைந்தாலோ கணினிக் கருவி உள்ள கராஜில் எரித்துக்கொள்ள வேண்டும். கரி எரியும், ஒயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. ஆகவே இவ்வகை வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஒயில் என்று கையேட்டில் குறிப்பிட்டதையே ஊற்ற வேண்டும்.

டீசலிலும் தெரிவு இருக்கிறது. யூரோ 4 தரத்தின்படி டீசலில் கந்தகம் ஒரு மில்லியனுக்கு 50 பங்கை மிஞ்சக் கூடாது. எமது நிலையங்களில் சாதாரண ஒட்டோ டீசலின் கந்தகம் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்க அனுமதி உண்டு. சுப்பர் டீசலே யூரோ 4 தரத்தில் விற்கப்படுகிறது. கந்தகம் ஊக்கியைக் கெடுத்து, சல்பேற்றாகப் பில்டரில் படியும். டி.பி.எஃப். இல்லாத பழைய வண்டிக்கு ஒட்டோ டீசல் போதும். அது உள்ள வண்டிக்குச் சுப்பர் டீசலின் கூடுதல் விலை, புதிய பில்டரின் விலையோடு ஒப்பிட்டால் சிறிது.

கழற்றிவிட்டால் என்ன? உள்ளே இருக்கும் பீங்கானை உடைத்து வெறும் குழாயாக மாற்றினால், அதுவரை பிடித்து வைத்த நுண்துகள் முழுதும் வெளியே வரும். அந்தப் பீங்கானின் மேல் பிளாற்றினம் போன்ற விலையுயர்ந்த உலோகம் பூசப்பட்டிருக்கிறது. எந்தக் காரணத்துக்காக அதை மாற்றினாலும் கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். உங்கள் பணத்தில் வாங்கிய பொருள் அது.

யூரியா பற்றி ஓர் எச்சரிக்கை

மிகப் புதிய சில டீசல் வண்டிகளில் நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தாங்கி உண்டு. அதில் 32.5 சதவீதம் தூய யூரியா, மிகுதி கனிமம் நீக்கிய நீர். தோட்டத்தில் யூரியா உர மூட்டை கண்முன்னே இருப்பதால் அதைக் கரைத்து ஊற்றலாமே என்று தோன்றலாம். செய்யாதீர்கள். உர யூரியாவிலுள்ள பிற பொருட்கள் ஊக்கியை அழித்து, தூவும் மூக்கை அடைத்துவிடும். டீசல் தாங்கிக்குள் இந்தக் கரைசலைத் தவறி ஊற்றினால் சாவியைக்கூடப் போடாமல் தாங்கியை இறக்க வேண்டும்.

வெளிநாடுகளில் நடந்தது

கழற்றுவது எமது நாட்டுப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்திய பத்தாண்டில் அங்கே 550,000க்கும் அதிகமான டீசல் பிக்கப் வண்டிகளின் புகைக்கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டிருந்தன. அவை அவற்றின் ஆயுட்காலத்தில் கக்கும் மேலதிக நைதரசன் ஒட்சைட்டு 570,000 தொன்னைத் தாண்டும். ஒன்பது மில்லியன் புதிய வண்டிகளை வீதியில் இறக்கியதற்கு அது சமம். பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. 2015 இல் வொக்ஸ்வாகன் பரிசோதனையின்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 11 மில்லியன் வண்டிகளில் வைத்தது அம்பலமானது. ராம் பிக்கப் எஞ்சின்கள் தொடர்பில் கம்மின்ஸ் நிறுவனம் 1.675 பில்லியன் டொலர் தண்டம் செலுத்த 2023 டிசம்பரில் உடன்பட்டது. பரிசோதனை நாளுக்கு மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும் தந்திரத்துக்குத்தான் அந்தத் தண்டம்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012 ஜூனில் டீசல் புகையை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் முதலாம் குழுவில் சேர்த்தது. இந்த அபாயம் எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதில்லை. ஹட்டன் - கொழும்பு பிரதான வீதியில் குயில்வத்தையையும் கரோலினாத் தோட்டத்தையும் கடக்கும்போது பார்த்தால் தெரியும். லயத்தின் வாசலுக்கும் வீதிக்கும் இடையில் சில அடிகள்தான். வீதியோர மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நாள் முழுதும் ஏற்றத்தில் திணறும் வண்டிகளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். வீட்டுக்குள் விறகுப் புகை, வெளியே டீசல் புகை. கெப் வண்டியின் சொந்தக்காரரும் பெரும்பாலும் அதே லயத்து மனிதர்தான்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளே கைமாறின. வரியோடு சேர்த்துப் பார்க்கும்போது இன்றும் எம்மவருக்கு எட்டுவது அவைதான். 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கு இரு பக்கமும் உறவுகள் உண்டு. வண்டி வாங்கும்போதும் முதலில் உறவினரைத்தான் விசாரிக்கிறோம். கிளிநொச்சியின் சமதரையில் புகைக்காத வண்டி வட்டவளையில் புகைக்கலாம். ஆகவே மலைக்கு வாங்குபவர் பாரத்தோடு ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

அத்தோடு நான்கு சோதனைகள். ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பும்போது எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும்; எரியவே இல்லையென்றால் அந்த விளக்கை யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம். டி.பி.எஃப். உள்ள வண்டி என்றால் ஆறிய புகைக்குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கரியாகக் கறுத்தால் பில்டர் உடைந்திருக்கிறது அல்லது இல்லை. ஈ.ஜி.ஆர். குழாய் இணைப்பில் புதிதாக வெட்டிய தகரத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, முந்திய வருடங்களின் புகைப் பரிசோதனை அறிக்கைகளைக் கேளுங்கள். எண்கள் படிப்படியாக ஏறியிருந்தால் எஞ்சின் முதுமையடைகிறது. ஒரு வருடம் திடீரென்று சரிந்திருந்தால் அந்த வருடம் என்ன செய்யப்பட்டது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பற்றுச்சீட்டு காட்டுபவரிடம் வாங்கலாம். பதில் தராதவரின் வண்டியை உங்கள் பாஸிடம் காட்டிய பின் விலை பேசுங்கள்.